கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

சோக் போட்டால் பைக் ஓடுகிறது, எடுத்ததும் நின்றுவிடுகிறது. அல்லது ஐடிலிங்கே நிற்பதில்லை. சிக்னலில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பைலட் ஜெட்டைத்தான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள், ஐடிலிங்குக்கான பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை கொண்ட பித்தளைத் திருகு இது; சிலர் இதை ஸ்லோ ஜெட் என்பார்கள். அதில் அடைப்பு விழுந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய பெரிய பட்டறை வேண்டியதில்லை. ஆனால் தொடங்கும் முன்பே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் பளபளவென்று இருந்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு துளையும் திறந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தோ, திரவத்தைப் பீய்ச்சிப் பார்த்தோ உறுதிசெய்த பிறகுதான் அது சுத்தம். நான் முதன்முதலில் பிரித்த கார்புரேட்டரை மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டினேன். ஜெட்டுகளை எடுத்துக் கழுவி, வெளிப்புறத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் புதிதுபோல ஆக்கியிருந்தேன். வண்டி அதே மாதிரிதான் நின்றது. அடைப்பு ஜெட்டில் இல்லை. ஜெட்டுக்குப் பின்னால், கார்புரேட்டரின் உடம்புக்குள் ஓடும் பாதையில் இருந்தது. அங்கே நான் கை வைக்கவே இல்லை.

எதனால் அடைக்கிறது

கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் அதில் நின்று, அங்கிருந்துதான் ஜெட்டுகள் வழியாக மேலே போகிறது. இந்தக் கிண்ணம் காற்றோட்டம் உள்ளது. வண்டி சும்மா நிற்கும்போது பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். கனமான பகுதி தங்கி, நாளடைவில் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அப்போது பித்தளை ஜெட்டில் பச்சையும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடியும் பூத்திருப்பதைப் பார்க்கலாம்.

துளைகளின் அளவைத் தெரிந்துகொண்டால் இவ்வளவு சின்னப் பிசின் ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்பது புரியும். கெய்ஹின் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பைலட் ஜெட்டில் 38 என்று எண் போட்டிருந்தால் துளையின் விட்டம் 0.38 மி.மீ. அதில் ஒரு மெல்லிய படலம் படிந்தாலே பெட்ரோல் போகும் அளவு நன்றாகக் குறைந்துவிடும்.

கழற்றும் முன் கொஞ்சம் யோசியுங்கள்

எந்த நிலையில் கோளாறு வருகிறது என்று ஓட்டிப் பார்த்தால் எங்கே தேட வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஐடிலிங்கிலும் ஆக்சிலேட்டரை லேசாகத் திறக்கும்போதும் தடுமாறினால் பைலட் ஜெட்டும் அதன் பாதையும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை திறக்கும்போது தடுமாறினால் ஸ்லைடில் (மேலேறிக் காற்றுவழியைத் திறக்கும் உருளையில்) தொங்கும் நீடிலும் அது இறங்கும் குழாயும். முழுக்க முறுக்கினால் மட்டும் மூச்சு வாங்கினால் அப்போது பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட், இல்லையென்றால் டாங்கிலிருந்து பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. வண்டி நிற்கும்போதே அடியில் இருக்கும் டியூப் வழியாகப் பெட்ரோல் சொட்டினால் மிதவை ஊசி, அதாவது கிண்ணம் நிரம்பியதும் மிதவை மேலேறித் தள்ள, பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி.

ஏர் ஃபில்டர், பிளக், பெட்ரோல் வரத்து இந்த மூன்றையும் பார்த்துவிட்டே கார்புரேட்டருக்குப் போங்கள். பெட்ரோல் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, காக்கை (டாங்கின் பெட்ரோலைத் திறந்து மூடும் வால்வை) திறந்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். சில வண்டிகளில் காக் எஞ்சின் உறிஞ்சினால்தான் திறக்கும். அதில் இப்படிச் சோதித்தால் ஒன்றும் வராது, பயப்பட வேண்டாம்.

கருவிகளும் பாதுகாப்பும்

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஜப்பானிய வண்டிகளிலும், ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல வண்டிகளிலும் கார்புரேட்டரில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூக்கள் சாதாரண பிலிப்ஸ் வகை இல்லை, ஜப்பானியத் தொழில்தரமான ஜே.ஐ.எஸ். வகை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிலிப்ஸ் ஸ்க்ரூட்ரைவரைப் போட்டால் முழுக்க உட்காராது, திருப்பும்போது மேலே ஏறி வழுக்கித் தலையை மழித்துவிடும். ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூட்ரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பல வருடத்துக்கு உதவும். ஜெட்டுகளுக்கு, காடியின் முழு அகலத்தையும் நிரப்பும் தட்டை ஸ்க்ரூட்ரைவர் வேண்டும். ஜெட் பித்தளை, மிருதுவானது. ஒல்லியான முனையைப் போட்டு முறுக்கினால் காடி உடைந்து, ஜெட் கிணற்றுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இவை தவிர கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, அதன் நீள மூக்குக்குழல், காது குடையும் பஞ்சுக் குச்சிகள், அறை அறையாகப் பிரித்த டப்பா, கையுறை, கண்ணாடி. கண்ணாடியை விட்டுவிடாதீர்கள். ஒரு துளையில் பீய்ச்சினால் அது எதிர்பாராத வேறு துளையிலிருந்து முகத்துக்கு நேரே பாயும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

வேலை திறந்தவெளியில் நடக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படர்ந்து போகும். சில அடி தள்ளி எரியும் அடுப்பையோ தீப்பொறி விடும் மோட்டாரையோ அது தேடிப் போய்விடும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே ஆரம்பியுங்கள்.

இறக்குவது

காக்கை மூடுங்கள். கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடியுங்கள். அதைக் கொட்டிவிடாமல் ஐந்து நிமிடம் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் உருண்டையாக, பெட்ரோலோடு கலக்காமல் நிற்பது தண்ணீர். செம்மண் மாதிரி படிவது டாங்கின் துரு. துரு தெரிந்தால் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை; டாங்கைக் கழுவி, வழியில் ஒரு ஃபில்டர் போடாவிட்டால் சில நாளில் திரும்பவும் இதே இடத்துக்கு வருவீர்கள்.

அப்புறம் கார்புரேட்டரின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். சேறோடு பிரித்தால் அந்த மண்ணே உள்ளே போய் விழும். எந்த டியூப் எங்கே மாட்டியிருந்தது என்று நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் இருக்கும் ரப்பர்களின் கிளாம்ப்பைத் தளர்த்தி, கார்புரேட்டரை இடமும் வலமுமாக லேசாக முறுக்கிக்கொண்டே வெளியே இழுங்கள். ரப்பர் இறுகியிருந்தால் ஸ்க்ரூட்ரைவரால் நெம்பாதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகும். வெளியே வந்ததும் எஞ்சின் பக்கத்து வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு சின்ன வாஷர் அதற்குள் விழுந்தால் வேலையே வேறு மாதிரி ஆகிவிடும்.

கேபிள் நேரடியாக ஸ்லைடை இழுக்கும் வகை என்றால் மேல் மூடியைத் திருகிக் கழற்ற வேண்டும். நீடிலோடு ஸ்லைடும் வெளியே வரும். நீடில் வளைந்துவிடாமல் துணியில் சுற்றி ஓரமாகத் தொங்கவிடுங்கள்.

பிரிப்பது

கிண்ணத்தின் ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காகத் தளர்த்திக் கழற்றுங்கள். உள்ளே மிதவை தெரியும். அதைத் தாங்கும் ஊசிமுள், இரண்டு சின்ன அலுமினியத் தூண்களுக்கு நடுவே இருக்கிறது. இந்தத் தூண் உடைந்தால் கார்புரேட்டரையே மாற்ற வேண்டி வரலாம். முள்ளின் ஒரு முனை கொஞ்சம் தடித்திருக்கும். மெல்லிய முனையிலிருந்து தடித்த முனையை நோக்கித் தள்ளுங்கள். வரவில்லையா, சுத்தியல் எடுக்காதீர்கள். கிளீனரை விட்டுக் காத்திருந்து, தூணுக்கு அடியில் விரலால் தாங்குகொடுத்து மறுபடி தள்ளிப் பாருங்கள். மிதவையை எடுக்கும்போது அதோடு மிதவை ஊசியும் வரும், கீழே போட்டுவிடாதீர்கள்.

நடுவில் உயரமாக நிற்பது மெயின் ஜெட். அதற்குப் பின்னால், பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் போட்ட குழாய் இருக்கும். பெட்ரோலோடு காற்றைக் கலந்து நுரையாக்குவது அதுதான். பக்கத்துக் கிணற்றில் ஆழமாக உட்கார்ந்திருப்பது பைலட் ஜெட்.

அடுத்தது, ஐடிலிங்கில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் கலவை ஸ்க்ரூ. கழற்றும் முன் அதைக் கடிகார திசையில் மெல்லத் திருகி, லேசாக முட்டும்வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். ஒன்றே முக்கால் சுற்று என்றால் அப்படியே தாளில் எழுதுங்கள். நினைவில் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள், இருக்காது. முட்டிய பிறகு ஒரு துளியும் அழுத்தக் கூடாது; அதன் கூர்முனை உட்காரும் இடத்தில் தழும்பு விழுந்தால் ஐடிலிங் அதன் பிறகு சரியாகவே வராது. எழுதிக்கொண்ட பிறகு முழுக்கக் கழற்றுங்கள். ஸ்பிரிங், குட்டி வாஷர், ஓ-ரிங் மூன்றும் அந்த வரிசையில் வர வேண்டும். வாஷரும் ஓ-ரிங்கும் பெரும்பாலும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வளைத்த மெல்லிய கம்பியால் பக்கச் சுவரைக் கீறாமல் தூக்குங்கள். அவை இருப்பது தெரியாமல் கிளீனரைப் பீய்ச்சி எங்கோ பறக்கவிட்டுத் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

சி.வி. வகை கார்புரேட்டர் (ஸ்லைடைக் கேபிள் இழுக்காமல் எஞ்சினின் உறிஞ்சலே தூக்கும் வகை) என்றால் மேல் மூடிக்குக் கீழே குடைபோல ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. சவ்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, லேசாக இழுத்துப் பாருங்கள். ஊசித்துளை தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். இந்தச் சவ்விலும் எந்த ரப்பரிலும் கிளீனர் படக் கூடாது. ஊறிப் பெரிதாகி, திரும்பத் தன் இடத்தில் உட்காராது. ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துத் தனி டப்பாவில் வைத்த பிறகுதான் ஸ்ப்ரேயைக் கையில் எடுக்க வேண்டும்.

துளைகள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்றதையெல்லாம் வேகமாகச் செய்தாலும் இதற்கு நேரம் கொடுங்கள்.

முதலில் ஜெட்டுகள். கிளீனரில் ஊற வைத்து, ஊதி, வானத்தையோ விளக்கையோ பார்த்துப் பிடியுங்கள். பைலட் ஜெட்டில் தெரிய வேண்டியது ஒரு வட்டமான, கூர்மையான வெளிச்சப் புள்ளி. புள்ளி தெரிகிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். அது வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறைபோலவோ ஓரம் மங்கலாகவோ தெரிந்தால் பிசின் இன்னும் ஒட்டியிருக்கிறது. மறுபடி ஊற வையுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு இழையில் ஒன்றை மட்டும் உருவி மெதுவாக நுழைக்கலாம், செம்பு மிருதுவானது. குண்டூசி, இரும்புக் கம்பி, துளையிடும் முனை எதுவும் வேண்டாம். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு மாறிவிடும், பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். மெயின் ஜெட்டின் பின்னால் இருக்கும் குழாயில் பக்கத்துளைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். எதிரெதிரே இருப்பதால் ஒன்றின் வழியாக மற்றொன்று தெரியும்.

இப்போது உடம்பு. பைலட் ஜெட் உட்காரும் கிணறு ஒரு முட்டுச்சந்து இல்லை. அங்கிருந்து போகும் பாதைக்குப் பல வாய்கள் உண்டு: ஏர் ஃபில்டர் பக்கத்தில் தெரியும் காற்றுத் துளை, கலவை ஸ்க்ரூ இருந்த துளை, பெரிய குழலுக்குள் எஞ்சின் பக்கமாக இருக்கும் ஒரு நுண்துளை, அதற்குச் சற்று முன்னால், காற்றுவழியைத் திறந்து மூடும் பட்டாம்பூச்சித் தகடு மூடும் இடத்தை ஒட்டி, ஒன்று முதல் நாலு வரை வரிசையாக இருக்கும் இன்னும் சின்னத் துளைகள். இந்தக் கடைசித் துளைகள்தான் என்னை மூன்று முறை கழற்ற வைத்தவை. தகடு மூடியிருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. தகட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பேனா நுனியால் வைத்த புள்ளிகள்போலத் தெரியும்.

ஸ்ப்ரேயின் மூக்கைக் கலவை ஸ்க்ரூ துளையில் வைத்துச் சுற்றிலும் விரலால் அடைத்துப் பீய்ச்சுங்கள். எந்தெந்த வாயிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அப்புறம் ஒரு வாயை விரலால் மூடுங்கள், இன்னொன்றில் வேகம் கூட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக மூடித் திறந்து, எல்லா வாயிலிருந்தும் நூல்போல நேராக, சீராகப் பாயும்வரை விடாதீர்கள். ஏதோ ஒன்றில் கசிவு மட்டும் வந்தால் கிளீனரை நிரப்பி அரை மணி நேரம் ஊற விட்டு மறுபடி முயலுங்கள். அடைப்பு விடும் நேரத்தில் முதலில் பழுப்பாக ஒரு சொட்டு வரும், அடுத்து சட்டென்று நூல் பிடித்துப் பாயும். அதைப் பார்க்கும்போது கிடைக்கும் நிம்மதிக்காகவே இந்த வேலையை நான் விரும்பிச் செய்கிறேன்.

கிண்ணத்தையும் விட்டுவிடாதீர்கள். பல கார்புரேட்டர்களில் கிண்ணத்தின் ஒரு மூலையில் சின்னக் கிணறு இருக்கும். சோக் பெட்ரோல் எடுப்பது அங்கிருந்துதான். அதன் அடியில் ஒரு நுண்துளை. அது அடைத்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் காலையில் குளிர்ந்த எஞ்சின் கிளம்ப அடம் பிடிக்கும்.

எல்லாம் முடிந்ததும் காற்றழுத்தக் குழாயால் ஊதிக் காய வையுங்கள். மிதவையோ சவ்வோ மாட்டியிருக்கும்போது அழுத்தக் காற்றைச் செலுத்தக் கூடாது.

மிதவையும் ஊசியும்

ஊசியின் கூம்பு முனையை விரல் நகத்தால் மெல்ல வருடுங்கள். வளையம்போல ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அது தேய்ந்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும். ஊசி உட்காரும் பித்தளை இருக்கையைப் பஞ்சுக் குச்சியால் சுழற்றித் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை.

மிதவையை மாட்டிய பிறகு அதன் உயரத்தை அளக்க வேண்டும். ஊசியின் பின்புறம் ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டி முளை இருக்கும். கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, மிதவையின் நாக்கு அந்த முளையைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். தலைகீழாக வைத்து அளந்தால் மிதவையின் எடையே முளையை அமுக்கி அளவைத் தவறாகக் காட்டலாம். சரியான எண் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். உலோக நாக்கு என்றால் இம்மியளவு வளைத்துச் சரிசெய்யலாம். முழுவதும் பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் சரிசெய்ய வழி இருக்காது.

கசிகிறதா என்று பார்க்க, பெட்ரோல் வரும் மூக்கில் ஒரு சுத்தமான டியூபும் சிரிஞ்சும் மாட்டி, கார்புரேட்டரைத் தலைகீழாக வைத்து மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள். காற்று போகக் கூடாது. நிமிர்த்தினால் தாராளமாகப் போக வேண்டும்.

மாட்டுவது

ஓ-ரிங்குகளையும் கிண்ணத்தின் காஸ்கெட்டையும் முடிந்தால் புதிதாகவே போடுங்கள். ஜெட்டுகளை முதலில் விரலாலேயே திருகி மரை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்து, கடைசியில் லேசாக இறுக்கினால் போதும். அலுமினியத்தின் மரை போய்விட்டால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. கலவை ஸ்க்ரூவை முட்டும்வரை மெல்லத் திருகி, தாளில் எழுதியிருந்த சுற்றுக்குத் திரும்பத் திறந்து வையுங்கள்.

நீடிலின் கிளிப்பை எடுத்திருந்தால் அதே காடியில் போடுங்கள். கிளிப்பைக் கீழ்க் காடிக்கு இறக்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். மேல் காடிக்கு ஏற்றினால் குறையும்.

கேபிள் இழுக்கும் ஸ்லைடில் ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்க வேண்டும், பக்கத்துக் காடி உள்ளே இருக்கும் முளையில் விழ வேண்டும். திருப்பி மாட்டினால் ஸ்லைடு முழுக்க மூடாது, கிளப்பியதும் எஞ்சின் தலைதெறிக்கக் கத்தும். அதனால் மூடியைத் திருகியதும் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். டக்கென்று அடிக்கும் சத்தத்தோடு ஸ்லைடு கீழே விழ வேண்டும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வைத்தும் இதைப் பாருங்கள். இந்தச் சத்தம் கேட்காமல் எஞ்சினைக் கிளப்பவே வேண்டாம்.

சி.வி. வகையில் சவ்வின் விளிம்பு தன் காடியில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள். பிறகு விரலால் ஸ்லைடைத் தூக்கி விட்டால் அது மடாரென்று விழாமல் நிதானமாக இறங்க வேண்டும்.

கிளப்பி, ட்யூன் செய்வது

காக்கைத் திறந்து இரண்டு நிமிடம் காத்திருங்கள், கிண்ணம் நிரம்பட்டும். எங்காவது சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டு தட்டுங்கள். ஊசி சரியாக உட்கார்ந்து நின்றுவிடலாம். நிற்கவில்லை என்றால் ஊசியை மறுபடி பார்த்தாக வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் ட்யூனிங். ஐடிலிங்கைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டு, கலவை ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள். சத்தம் தளரும் இடம் ஒன்று வரும். பிறகு வெளியே திருப்புங்கள், ஏறி மறுபடி தளரும். இந்த இரண்டுக்கும் நடுவே எஞ்சின் அதிக வேகத்தில், பிசிறில்லாமல் ஓடும் இடத்தில் நிறுத்தி, ஐடிலிங் ஸ்க்ரூவைக் கையேட்டில் சொன்ன வேகத்துக்கு இறக்குங்கள். கலவை ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் பெரும்பாலும் காற்றை அளப்பது, வெளியே திருப்பினால் பெட்ரோலின் பங்கு குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலை அளப்பது, வெளியே திருப்பினால் கூடும்.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் மேலேயே தொங்கினால் எஞ்சின் பக்கத்து ரப்பர் வழியாகக் காற்று புகுந்துகொண்டிருக்கலாம். அந்த ரப்பரைச் சுற்றித் தண்ணீரைத் தூவலாகத் தெளியுங்கள். ஐடிலிங் மாறினால் கசிவு அங்கேதான்.

இரண்டு, நாலு சிலிண்டர் வண்டி என்றால் கார்புரேட்டர்களை ஒன்றோடொன்று சமன்படுத்த வேண்டும். அதற்கு அழுத்தமானி தேவை, காதை நம்பிச் செய்ய முடியாது.

ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறமாக இருந்தால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெள்ளையாக இருந்தால் குறைவு. கிண்ணத்தின் ஸ்க்ரூக்களையும் கிளாம்ப்புகளையும் அப்போதே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

இனி ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் காக்கை மூடி, வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான். காக்கை மூடி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுவதும் உண்டு, ஆனால் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் நான் ஸ்க்ரூவைத் திறந்தே விடுகிறேன்.